சலிப்பு இருக்கத எடத்துல ஏவாரம் இருக்கா? புதுசா தொழில் யோசிக்கவங்களுக்கு ஒரு விளக்கம்

நம்ம வீட்டு இட்லி மாவுல இருந்தே ஆரம்பிக்கேன், தொழில் வாய்ப்பு எங்க இருந்து வருதுங்கறத இத விட நல்லா காட்டுத உதாரணம் எனக்குத் தெரியல. ஆச்சி காலத்துல ஆட்டுரல்தான். ஊறப்போட்ட உளுந்த வச்சுக்கிட்டு உக்காந்தா ஒரு கையால குழவிய சுத்தி இன்னொரு கையால மாவ தள்ளி விட்டு, அரைச்சு முடிக்கையில தோள்பட்ட ரெண்டும் கழண்டுரும். அத யாரும் பெருசா குறையா சொன்னதில்ல, எல்லா வீட்லயும் அப்படித்தான இருந்துச்சு. 1955ல கோயம்புத்தூர்ல பி.சபாபதிங்கறவர் கல்ல மோட்டார்ல சுத்த வச்சு கிரைண்டர் செஞ்சாரு, தோள்வலி போச்சு. ஆனா கிரைண்டர் வந்த வீட்ல அத கழுவுத சோலி புதுசா வந்துச்சு, ரெண்டு டம்ளர் உளுந்து அரைக்க கல்லு, சட்டி, தள்ளுகட்டைன்னு அத்தனையும் கழுவணும், நடுவுல கரண்ட் போனா மாவு பாதியில நிக்கும். அதனால தெருமுக்குல மாவு அரைச்சு விக்க கடை வந்துச்சு. கடை வந்ததும் அடுத்த சலிப்பு, பிளாஸ்டிக் பையில ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டு குடுப்பாங்க, வீடு வந்து சேரதுக்குள்ள வண்டி டிக்கியில பாதி ஒழுகிரும், எப்ப அரைச்சதுன்னு தெரியாது, எந்த தண்ணியில அரைச்சதுன்னும் தெரியாது. 2005ல பெங்களூர்ல பி.சி.முஸ்தபாவும் அவரு சொந்தக்கார பசங்களும் சரியா இந்த ரப்பர் பேண்ட் பையத்தான் புடிச்சாங்க. பசங்களோட பலசரக்கு கடைக்கு வந்தவங்க அந்த மாவ பத்தி குறை சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அதே மாவ சுத்தமா அரைச்சு ஒழுங்கான பாக்கெட்ல போட்டு வித்தா என்னன்னு யோசிச்சு ஆரம்பிச்சதுதான் ஐடி ஃபிரெஷ் கம்பெனி.

கவனிச்சீங்களா, அம்பது வருசத்துல உளுந்தும் மாறல அரிசியும் மாறல, ஒரு சங்கடத்த தீர்த்ததும் அதுக்குப் பின்னாடியே அடுத்த சங்கடம் வந்து நிக்குது, அத ஒருத்தர் எடுத்துக்கிட்டு தொழில் ஆக்குதாங்க. இன்னைக்கும் அது நிக்கல. பாக்கெட் மாவு ரெண்டாம் நாளே புளிச்சிருதுன்னு ஒரு வீட்ல, ஒரே ஒரு ஆளுக்கு ஒரு கிலோ எதுக்குன்னு ஒரு ரூம்ல, குழந்தைக்கு கேப்பை மாவு கிடைக்கலன்னு இன்னொரு வீட்லன்னு பேச்சு ஓடிக்கிட்டேதான் இருக்கு.

தொழில் பண்ணணும் ஆனா ஐடியா கிடைக்கலன்னு சொல்லுத தம்பி தங்கச்சிமார் எனக்கு நெறைய பேரத் தெரியும், எல்லாரும் பார்க்கது குறைஞ்ச முதலீட்டுல பேப்பர் கப், காளான், நாட்டுக்கோழின்னு வார வீடியோதான். அந்த வீடியோவ பார்த்த ஆயிரம் பேரும் அதே மெஷினத்தான் விலை கேட்டுட்டு இருப்பாங்க. உங்க தெருவுல, உங்க ஆபீஸ்ல, நீங்க தினமும் ஏறுத பஸ்ல நடக்குத ஒரு சங்கடம் எந்த வீடியோவுலயும் வராது, அது உங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அதனாலதான் இத எழுதுதேன்.

ஆனா எல்லா சலிப்பும் ஏவாரம் ஆகாது, இத மொதல்ல மனசுல போட்டுக்கிடணும். வெயிலு அடிக்குன்னு சலிப்புதான், நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில வண்டி நகரலன்னா சலிப்புதான், அத வச்சு நாம என்ன விக்க முடியும். அப்ப எந்த சலிப்பு உதவும்? நான் பார்க்கது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த சங்கடத்த சமாளிக்க ஜனங்க இப்பவே எதையாவது செலவழிக்காங்களா. துட்டா இருக்கலாம், நேரமா இருக்கலாம், உடம்பு நோகுத உழைப்பா இருக்கலாம், இல்ல அவங்களே ஒப்பேத்துன ஒரு ஏற்பாடா இருக்கலாம். வாயால குறை சொல்லிட்டு விட்டுட்டு போறாங்கன்னா அது வெறும் பேச்சு. குறை சொல்லிக்கிட்டே பையில கைய விட்டு காச எடுக்காங்கன்னா அங்க நின்னு பார்க்கணும்.

ஒரு எடத்த கிட்டக்க நின்னு காட்டுதேன். பாளையங்கோட்டை பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல காலைல அஞ்சரை மணிக்கு போய் நின்னு பாருங்க. உள்ள படுத்திருக்கவங்களுக்கு டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. கூட இருக்கவங்களுக்கு யாரும் இல்ல. ராத்திரி திடீர்னு ஆம்புலன்ஸ்ல அள்ளிப்போட்டு கொண்டாந்திருப்பாங்க, மாத்து சேலை கூட எடுத்துட்டு வந்திருக்க மாட்டாங்க, ஊரு திசையன்விளை பக்கமோ களக்காடு பக்கமோ இருக்கும், போயிட்டு வர முடியாது. விடிஞ்சதும் வாசல்ல இருக்க கடைக்கு வந்து ஒரு வாளி, ஒரு கப்பு, பிளாஸ்டிக் பாய், வெந்நிக்கு ஒரு பிளாஸ்க், ஒரு தலகாணின்னு வாங்குதாங்க. பேரம் பேச மனசு இருக்காது, சொன்ன விலைக்கு வாங்கிட்டு ஓடுதாங்க. வாளிய தலைகீழா கவுத்தி அது மேலயே உக்காந்து டீ குடிக்க அக்காமார நான் பார்த்திருக்கேன், உக்கார வேற எடம் கிடையாது. அஞ்சாறு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ் ஆகையில அந்த வாளியும் பாயும் பஸ்ல ஏத்த முடியாது, வீட்லயும் ஏற்கனவே நாலு வாளி கிடக்கு, ஆஸ்பத்திரி சாமான வீட்டுக்கு கொண்டு போகக்கூடாதுன்னு பெரியவங்க வேற சொல்லுவாங்க, அதனால பக்கத்து பெட்காரங்களுக்கு குடுத்துட்டோ அங்கனயே போட்டுட்டோ போயிருதாங்க.

இப்ப இத தொழில் கண்ணால பாருங்க. அஞ்சு நாள் தேவைக்கு அஞ்சு வருசம் உழைக்க சாமான முழு விலைக்கு வாங்குதாங்க. அப்ப வாடகைக்கு குடுத்தா? ஒரு பேச்சுக்கு கணக்கு போடுவோம், இந்த விலையெல்லாம் நான் உதாரணத்துக்கு வச்சது, நீங்க கடையில கேட்டு மாத்திக்கிடணும். ஒரு செட் 800 ரூபா, 20 செட் வாங்குனா முதல் 16,000. ஒரு நாள் வாடகை 50, அட்வான்ஸ் 300 வாங்கிட்டு திருப்பிக் குடுக்கையில அத திருப்பிக் குடுத்துரணும். தினம் 15 செட் வெளிய இருந்தா நாளைக்கு 750, மாசம் 22,500. சாமான் வைக்க சின்ன ரூம் 4,000, சோப்பு, கிருமிநாசினி, தண்ணி 3,000, மாசம் ரெண்டு செட் திரும்பி வரலன்னா நம்மகிட்ட நிக்க அட்வான்ஸ் 600 போக நஷ்டம் 1,000, மீதி 14,500. செட் ஆறு மாசத்துல நஞ்சுரும், வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும்னா மாசம் 2,700 கிட்ட அதுக்கு ஒதுக்கணும், கையில நிக்கது 11,800 சொச்சம். ஒரு ஆளு முழுநேரம் நின்னு கழுவி அடுக்குத சோலிக்கு இது பெரிய காசு கிடையாது. இதுக்காக பார்க்குத வேலைய விட்டுட்டு வராதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா ஏற்கனவே அங்க டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ வச்சிருக்க ஒருத்தருக்கு, ரூம் வாடகை தனியா இல்லாதவங்களுக்கு, இதே கணக்கு நல்லா நிக்கும். ஒரே ஐடியா ஒரு ஆளுக்கு நஷ்டமும் இன்னொரு ஆளுக்கு லாபமும் ஆகுது, ஐடியாவ மட்டும் தூக்கிட்டு ஓடுதவங்க இத யோசிக்கதே இல்ல.

கணக்குக்கு அப்புறம் ஒரு கேள்வி கண்டிப்பா கேக்கணும். இவ்வளவு நாள் இத ஏன் யாரும் செய்யல? மூணு மாதிரி பதில் வரும். யாரும் கவனிக்கல, அப்படின்னா உங்களுக்கு நல்ல காலம். செஞ்சு பார்த்து கட்டுப்படி ஆகாம விட்டுட்டாங்க, அப்படின்னா அவங்கள தேடிப்போய் பேசணும், அவங்க சொல்லுத ஒரு மணி நேரப் பேச்சு உங்களுக்கு ஆயிரக்கணக்குல துட்டு மிச்சம் பண்ணும். மூணாவது, நடுவுல ஒரு செவரு இருக்கு. இந்த வாடகை செட்டுல செவரு என்னன்னா சுத்தம். நோயாளி பக்கத்துல கிடந்த பாய அடுத்தவங்களுக்கு குடுக்கோம், அத எப்படி கழுவுதோம்னு ஜனங்க நம்பணும், நெசமாவே நல்லா கழுவவும் செய்யணும், இதுல ஏமாத்துனா பாவம். தலகாணி, பிளாஸ்க் ரெண்டையும் வாடகைக்கு விடாம விலைக்கே குடுக்கது நல்லதுன்னு எனக்கு தோணுது. அப்புறம் பக்கத்து பெட்காரங்க சும்மா குடுத்துட்டு போறாங்களே, அந்த இலவசமும் உங்களுக்கு போட்டிதான், கடைக்காரர் மட்டும் போட்டின்னு நெனச்சிராதீங்க.

அடுத்தது, சலிச்சுக்கிடுதவங்க ஒருத்தரும் துட்டு குடுக்கவங்க இன்னொருத்தருமா இருக்கலாம். சென்னையில இருந்து தீபாவளிக்கு ஊருக்கு வர பஸ் டிக்கெட்டுக்கு அலையுத அலைச்சல் நம்ம பக்கத்து ஆளுகளுக்கு சொல்லியா குடுக்கணும். அதே அலைச்சல் 2005 தீபாவளிக்கு பெங்களூர்ல பணிந்திர சாமாவுக்கு வந்துச்சு, ஹைதராபாத்துக்கு சீட் கிடைக்கல, ஏஜெண்ட் ஏஜெண்டா போய் கேட்டாரு. யாரும் வேணும்னே இல்லன்னு சொல்லல, எந்த பஸ்ல எத்தன சீட் காலியா இருக்குன்னு ஏஜெண்டுக்கே தெரியாது, அவரு போன்ல கேட்டு கேட்டுத்தான் சொல்லுவாரு. அங்க இவரு ஏறமுடியாம நிக்கையில இன்னொரு பஸ் காலி சீட்டோட போயிருக்கலாம். 2006ல நண்பர்களோட சேர்ந்து நெட்ல பஸ் டிக்கெட் விக்குத ரெட்பஸ் கம்பெனிய ஆரம்பிச்சாரு. மொதல்ல சாப்ட்வேர் எழுதி பஸ் முதலாளிகளுக்கு குடுக்க பார்த்தாங்க, அவங்க வாங்கல. அப்புறம் சாப்ட்வேர் வேண்டாம், கொஞ்சம் சீட்ட எங்ககிட்ட குடுங்க, வித்துத் தாரோம், கமிஷன் குடுங்கன்னு போனப்பதான் கதவு திறந்துச்சு. டிக்கெட் கிடைக்காம அலைஞ்சது பயணி, ஆனா கமிஷன் குடுக்க ஒரு காரணம் இருந்தது காலி சீட்டோட பஸ் ஓட்டுத முதலாளிக்கு. உங்க கண்ணுல படுத சங்கடத்துலயும் இப்படி தேடிப் பாருங்க, இதனால ரகசியமா நஷ்டப்படுத இன்னொரு ஆளு யாருன்னு.

துட்டு குடுக்க முடியாதவங்களோட சங்கடமும் உண்டு, அதையும் மறைக்காம சொல்லணும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துத அக்காமார பாருங்க, மடியில சொளவ வச்சுக்கிட்டு காலைல குனிஞ்சா சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சுதான் இருக்காங்க, இடுப்பு போயிருது, கழுத்து போயிருது. சங்கடம் எவ்வளவு பெருசுன்னு பார்த்தா இத விட பெரிய சங்கடம் நம்ம பக்கத்துல இல்ல. ஆனா அவங்க கூலியில இருந்து எடுத்து உங்க முதுகு தாங்குத நாற்காலிய வாங்கச் சொல்ல மனசு வருமா? இங்க துட்டு கம்பெனி கிட்ட இருந்து வரணும், இல்ல அரசாங்கத்துகிட்ட இருந்து, சங்கத்துகிட்ட இருந்து வரணும். பொது சங்கடமும் அப்படித்தான். தாமிரபரணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக ஒரு காலத்துல ஜனங்க படகுக்கு காத்துக் கிடந்தாங்க, அந்த பாட்ட தீர்த்தது எந்த ஏவாரியும் இல்ல, சுலோசன முதலியார் தன் கைக்காச போட்டு பாலம் கட்டுனாரு, 1843ல திறந்தது, இன்னைக்கும் ஜங்ஷன்ல இருந்து கொக்கிரகுளத்துக்கு அது மேலதான் போறோம். எதுக்கு சொல்லுதேன்னா ரோடு, சாக்கடை, பஸ் ஸ்டாப் நிழல் மாதிரி சங்கடத்துக்கு மனு குடுங்க, போராடுங்க, முடிஞ்சா உதவி செய்யுங்க, தொழில் திட்டம் போட்டு நேரத்த தொலைக்காதீங்க.

இன்னொன்னு, வெளிய இருந்து பார்க்கையில சங்கடமா தெரியுறது எல்லாம் சங்கடம் கிடையாது. டவுன்ல நெல்லையப்பர் கோயில் முன்னாடி சாயங்காலம் இருட்டுக்கடை அல்வாவுக்கு கூட்டம் நிக்குது, ஏன் இவ்வளவு நேரம் நிக்கணும், நாம வரிசையில நின்னு வாங்கி வீட்டுக்கு கொண்டு போய் குடுத்தா என்னன்னு தோணலாம். ஆனா அங்க நிக்கவங்க முகத்த பாருங்க. சுடச்சுட கையில வாங்கி நெய்யோட அங்கனயே நின்னு திங்கதுக்குத்தான் வாராங்க. ரயில புடிக்க ஓடுத ஆளு வேற, அவருக்கு காத்திருக்கது நெசமாவே சங்கடம். ஒரே வரிசைதான், ரெண்டு மனநிலை. கேக்காம தெரியாது.

கேக்கதுலதான் நெறைய பேரு கோட்ட விடுதாங்க. "நான் இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா நீங்க வாங்குவீங்களா"ன்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, "ஆரம்பி தம்பி, கண்டிப்பா வாங்குவோம்"னுதான் சொல்லுவாங்க, அது அவங்க பாசம், அத நம்பி முதல் போடக்கூடாது. நடந்து முடிஞ்சத கேளுங்க. போன தடவ இந்த சங்கடம் எப்ப வந்துச்சு, அப்ப என்ன செஞ்சீங்க, எவ்வளவு ஆச்சு, எவ்வளவு நேரம் போச்சு. உங்க ஐடியாவ பத்தி வாயே திறக்கக்கூடாது. கடையம் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்க ஒரு அண்ணாச்சிகிட்ட நான் பேசுனது இப்படி:

"அண்ணாச்சி, தேங்கா வெட்டு எப்படி நடக்கு, ஆளுக்கு என்ன செய்யுதிய?"

"என்னத்தச் செய்ய தம்பி. போன் அடிச்சா நாளைக்கு வாரேம்பான், நாளைக்கு அடிச்சா போன எடுக்க மாட்டான். நெத்து தன்னால விழுது, விழுந்தத எவன் எடுத்துட்டு போனாம்னு தெரியல."

"கடைசி வெட்டு எப்ப அண்ணாச்சி?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வெட்டணும், இப்ப மூணு தாண்டிட்டு. மரத்துக்கு அஞ்சு ரூவா கூட கேட்டாலும் குடுத்துருவேம்டே, வாரேன்னு சொன்ன தேதியில வந்துட்டாம்னா போதும்."

அந்த கடைசி வரியில முழு தொழிலும் இருக்கு. மரம் ஏறுத கருவி ஏற்கனவே இருக்கு, கண்ணூர் பக்கம் செம்பேரியில எம்.ஜே.ஜோசப்னு ஒரு விவசாயி கண்டுபிடிச்சது, படி ஏறுத மாதிரி ரெண்டு காலாலயும் மாத்தி மாத்தி மிதிச்சு ஏறலாம், பரம்பரையா மரம் ஏறாதவங்களும் பழகிக்கிடலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல இருந்து இளைஞர்களுக்கும் பொம்பளைகளுக்கும் இதுக்கு பயிற்சியே குடுத்திருக்கு. அப்ப குறை கருவியில இல்ல. சொன்ன தேதிக்கு ஆளு வரும்ங்கற உறுதி இல்ல. நாலு வெட்டு ஆள சேர்த்து, தோப்புவாரியா தேதிய நோட்டுல குறிச்சு, மொத நாள் ராத்திரி அண்ணாச்சிக்கு போன் பண்ணி "நாளைக்கு ஏழு மணிக்கு ஆளு நிக்கும்"னு சொல்லி, ஒருத்தர் வரலன்னா மாத்து ஆள அனுப்பி வைக்க ஒருத்தர் இருந்தா அவரு விக்கது தேங்கா வெட்டு மட்டுமில்ல, அண்ணாச்சியோட நிம்மதியையும் சேர்த்துதான். பிளம்பர், எலக்ட்ரீசியன், ஏசி பார்க்கவங்க, தண்ணி தொட்டி கழுவுதவங்க, எங்கெல்லாம் "நாளைக்கு வாரேன்"னு ஒரு பேச்சு ஓடுதோ அங்கெல்லாம் இதே வாய்ப்பு இருக்கு. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அந்த அண்ணாச்சி ஒரு ஏவாரி மாதிரிதான், தேங்கா விழுந்தா அவருக்கு நேரடி நஷ்டம், அதனால கணக்கு போட்டு துட்டு குடுப்பாரு. வீட்டு ஆளுகளோட சலிப்ப விட தொழில் பண்ணுதவங்களோட சலிப்பு பல சமயம் நல்ல வாய்ப்பு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஊரெல்லாம் போகுது, அத வெயில்லதான் காய வைக்காங்க, ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சா உருட்டி வச்ச மாவ என்ன செய்ய? காருகுறிச்சியில மண்பானை செய்யுதவங்களுக்கும் அதே மழை, அதே பாடு. ஒரு நாள் வேலை நின்னா என்ன நஷ்டம்னு அவங்களுக்கு ரூபாயில தெரியும். அப்பளத்துக்கு உலர்த்துத பெட்டிய மணிக்கணக்குக்கு வாடகைக்கு விட்டா கட்டுமாங்கறத அவங்ககிட்டயே உக்காந்து அந்த நஷ்டக் கணக்க வச்சு பேசலாம், வீட்டு ஆளுககிட்ட இப்படி பேச முடியாது.

வாய்விட்டு சொல்லாத சங்கடமும் உண்டு, அதத்தான் கண்டுபிடிக்க கஷ்டம். கோயம்புத்தூர்ல அருணாசலம் முருகானந்தம் 1998ல கல்யாணம் ஆன புதுசுல மனைவி மாதவிடாய்க்கு பழைய துணிய ஒளிச்சு வச்சு பயன்படுத்துறத பார்த்தாரு, கடை நாப்கின் வாங்குனா வீட்டுச் செலவு இடிக்கும்ங்கறதுதான் காரணம். அந்த அம்மா யார்கிட்டயும் குறை சொல்லல, எந்த பொம்பளையும் சொல்லல. அவரு பல வருசம் பாடுபட்டு குறைஞ்ச விலை நாப்கின் மெஷின் செஞ்சாரு, தானே பெரிய கம்பெனி ஆகாம மகளிர் குழுக்களுக்கு மெஷின குடுத்து அவங்களே செஞ்சு விக்க வச்சாரு, 2016ல பத்மஸ்ரீ கிடைச்சுது. நான் இத படிக்கும்போதெல்லாம் நெனைக்கேன், நம்ம அம்மா, அக்கா, மதினி இன்னும் எத்தன சங்கடத்த பழகிப்போச்சுன்னு சொல்லாம வச்சிருக்காங்களோ. "பழகிட்டு", "வேற வழியில்ல", "என்ன செய்ய, சமாளிக்க வேண்டியதுதான்" இந்த மூணு பேச்சும் காதுல விழுந்தா அங்கன நின்னு இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க.

சில சமயம் சங்கடம் பொருள்ல இருக்காது, அத விக்க விதத்துல இருக்கும். ஷாம்பு வாங்க ஆசை இருந்தும் பாட்டில் விலைய ஒரேயடியா குடுக்க முடியாதவங்க நாட்டுல கோடிக்கணக்கா இருந்தாங்க, கடலூர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்ல போட்டு விக்க வழி காட்டுனாரு, அவரு மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயோட தனியா ஆரம்பிச்சு சிக் ஷாம்புவ ஊரூரா கொண்டு போனாரு. தலைக்கு தேய்க்க ஷாம்பு அதேதான், அளவும் விலையும் கையில இருக்க சில்லறைக்கு ஏத்த மாதிரி மாறுச்சு. குற்றால சீசன்ல போன் நனையாம கழுத்துல தொங்க விட பிளாஸ்டிக் கவர் அருவிக்கரையிலயே விக்காங்களே, அதே கவர டவுன்ல ஒரு கடையில தொங்க விட்டா எவன் வாங்குவான். எடமும் நேரமும் கூட பொருள்ல சேர்த்திதான்.

இதெல்லாம் மண்டையில நிக்காது, எழுதி வைக்கணும். போன்ல ஒரு நோட் திறந்து வச்சுக்கோங்க. ஆனா "ஜங்ஷன்ல டிராபிக், ரொம்ப மோசம்"னு எழுதுனா பிரயோஜனம் இல்ல. இப்படி எழுதுங்க: "திங்கள் காலை 8 மணி, பெருமாள்புரம், ஸ்கூல் வேன் வரல, மூணு வீட்டு அம்மாமார் சேர்ந்து ஒரு ஆட்டோ புடிச்சாங்க, வீட்டுக்கு 40 ரூபா, இது மாசத்துல ரெண்டு மூணு தடவ நடக்கும்னு சொன்னாங்க." யாருக்கு, எப்ப, எங்க, எத்தன தடவ, அப்ப என்ன செஞ்சாங்க, எவ்வளவு ஆச்சு, இவ்வளவும் அந்த ரெண்டு வரியில வந்துட்டு. ஒரு மாசம் இப்படி எழுதுனா ஒரே சங்கடம் வேற வேற ஆளு வாயில இருந்து திரும்பத் திரும்ப வருதா இல்லையான்னு தானா தெரிஞ்சுரும். வருசத்துக்கு ஒருக்க வார சங்கடத்துக்கு ஜனங்க பொறுத்துக்கிடுவாங்க, வாரத்துக்கு மூணு நாள் வாரதுக்குத்தான் வழி தேடுவாங்க. வருசத்துக்கு ஒருக்க வந்தாலும் பெரிய துட்டு போற சங்கடம்னா, கல்யாணம், வீடு மாத்துதது, காலேஜ் அட்மிஷன் மாதிரி, அது தனி ரகம், அதுல வாய்ப்பு உண்டு.

எழுதுனதுல ஒண்ணு தேறிட்டுன்னா உடனே கடை வாடகைக்கு புடிக்காதீங்க, பேரு வச்சு போர்டு அடிக்காதீங்க, ஆப் செய்ய ஆளு தேடாதீங்க. கையால ஒரு தடவ செஞ்சு பாருங்க. வாடகை செட்டுன்னா 20 வேண்டாம், மூணு செட் போதும், தெரிஞ்ச டீக்கடையில ஒரு ஓரமா வைக்க கேளுங்க. தேங்கா வெட்டுன்னா ரெண்டு தோப்பு, ஒரு ஏறுத ஆளு, ஒரு போன். ஸ்கூல் ஆட்டோன்னா அந்த மூணு அம்மாமாரும் தெரிஞ்ச ஒரு ஆட்டோ அண்ணனும். மொத ஆளுகிட்டயே சரியான விலைய வாங்குங்க, சும்மா குடுத்தா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க, பத்து ரூபா குறைச்சு கேட்டு வாங்குத ஆளுதான் உங்களுக்கு உண்மைய சொல்லுத ஆளு. ரெண்டாவது தடவ அவங்களே கூப்பிடுதாங்களான்னு பாருங்க, எனக்கு எல்லா கணக்கையும் விட இதுல நம்பிக்கை அதிகம். ஒருத்தர்கூட திரும்ப கூப்பிடலன்னா ஏன்னு நேர்ல போய் கேட்டுட்டு, சரி பண்ண முடிஞ்சா பண்ணிட்டு, முடியலன்னா நோட்டுல அடுத்த வரிக்கு போயிருங்க, மூணு செட்டு வாளி விலைதான போச்சு.

நாலஞ்சு பேரு திரும்ப வந்து, மாசக் கணக்குல உங்க கூலியும் சேர்த்து ஏதாவது மிஞ்சுதுன்னா அப்புறம் காகித சோலிய பாருங்க. உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு அரசாங்க இணையதளத்துல ஆதார், பான் வச்சு நீங்களே பண்ணலாம், 2020 ஜூலையில இருந்து இருக்கு, கட்டணம் எதுவும் கிடையாது, அதுக்குன்னு யாராவது ஆயிரம் ரூபா கேட்டா குடுக்காதீங்க. திங்க பொருள்னா உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு கண்டிப்பா வேணும், மாவு பாக்கெட்டா இருந்தாலும் அப்பளமா இருந்தாலும். கடன் வேணும்னா மாவட்ட தொழில் மையத்துல போய் கேளுங்க, பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துல பேங்க் கடனோட திட்டச் செலவுல 15 முதல் 35 சதவீதம் வரைக்கும் மானியம் உண்டு, கிராமமா டவுனா, பொதுப் பிரிவா சிறப்புப் பிரிவாங்கறத பொறுத்து மாறும். போகையில அந்த மூணு செட்டுக்கோ ரெண்டு தோப்புக்கோ எழுதுன வரவு செலவு நோட்டையும் கையோட கொண்டு போங்க, திட்ட அறிக்கையில எழுதுத ஒவ்வொரு எண்ணுக்கும் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க.